தூங்குகிறவர்கள் மூச்சு விடுவதில்லை

பதிப்பு 0.1 | ஜனவரி 9, மாலை 4.20

இடம்: சீரிஸ் குறுங்கோள், உப்புவெளி நிலையம், பொதுக்கூடம். வெளியே குளிர் வழக்கம்போல. உள்ளே காற்று வழக்கம்போல. எழுதுபவர்: சலேத்து, வயது பதினான்கு. இந்த நிலையத்தில் இருக்கும் ஒரே பள்ளி மாணவி.

இன்று ஊர் கட்டும் விளையாட்டு ஒன்றைத் தொடங்கினேன். பிற்காலத்தில் யாராவது இதைக் கண்டெடுத்துத் திறந்தால், எதை ஏன் அப்படிச் செய்தேன் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகவே இந்தக் குறிப்பு.

ஊரின் பெயர் புதுக்கரை. கடற்கரை ஊர். நான் கடலைப் பார்த்ததில்லை. இங்கே பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடிப் பக்கம். அங்கே உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள் இங்கே பனிக்கட்டியும் உப்பும் எடுக்க வந்தார்கள். கடலைப் பற்றி நூலகத்தில் நான்கு புத்தகங்கள் இருக்கின்றன. நான்கையும் இரண்டு முறை படித்துவிட்டேன்.

இதுவரை முடிந்தவை: எண்பதுக்கு எண்பது கட்டம். கடல். மணல். ஒரு சாலை. ஒரு வீடு. வீட்டுக்கு நான்கு சுவர் வைத்துக் கதவு வைக்க மறந்தேன். உள்ளே விட்ட ஆள் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தார். சரி செய்தாயிற்று.

ஊரில் பதினொரு பேர் இருப்பார்கள், கப்பலில் போயிருக்கும் அம்மாவைச் சேர்க்காமல் நிலையத்தில் நாங்கள் பதினொரு பேர் என்பதால். ஒவ்வொருவருக்கும் எட்டுப் புள்ளிகளில் முகம். அப்பாவின் மீசைக்கு இரண்டு புள்ளிகள் ஒதுக்கினேன். அதனால் அவருக்கு வாய் இல்லை.

பதிப்பு 0.2 | ஜனவரி 23, காலை 9.05

முதல் ஆட்டக்காரர் அம்மா. அவள் பெயர் ஜெபமாலை. சரக்குக் கப்பலைத் தனியாக ஓட்டுகிறாள். செவ்வாய்க் கோளின் கிடங்கில் பொருள் ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருக்கிறாள். நான் பேசுவது அவளைச் சேரப் பதினொரு நிமிடம் ஆகிறது. விளையாட்டை அனுப்பியிருந்தேன். இன்று பதில்:

"ஏட்டி சலேத்து, ஒன் ஊர நேத்து பூரா வெளாண்டேன். நல்லாருக்கு. ஆனா கடக்கரையில வீட்டுக்கு எதுக்குட்டி ரெண்டு கதவு? ஒண்ணத் தொறந்து, அது மூடுத வரைக்கும் நின்னு, அப்புறம் அடுத்ததத் தொறந்து... ஒன் சூசை மாமா அவசரத்துக்குக் கொல்லைக்குப் போவதுக்குள்ள விடிஞ்சிரும். அப்புறம் அந்தக் காத்துக் குழா. ஊர்ல காத்து சும்மா கெடைக்கும் மக்கா. அதுக்குக் குழா போடாண்டாம். அலயும் சரியில்ல. ஏன் இவ்வளவு மெதுவா விழுது? எல்லாம் ஒரே மாதிரி வேற வருது. அல அப்படி வராது. நாலு சின்னதா வரும், அஞ்சாவது சொல்லாமக் கொள்ளாம வந்து சேலய நனச்சிட்டுப் போவும்."

இரண்டு கதவு இல்லாத வீட்டை நான் எந்தப் படத்திலும் கவனித்துப் பார்க்கவில்லை. ஒரே கதவு என்றால், திறந்ததும் எல்லாரும் செத்துவிடமாட்டார்களா என்று தோன்றியது. அலை மெதுவாக விழுவதற்குக் காரணம், இங்கே ஈர்ப்பு குறைவு, தண்ணீர் அப்படித்தான் விழுகிறது. நான் வாளியைக் கவிழ்த்துப் பார்த்து எழுதினேன்.

காற்றுக் குழாயை எடுத்துவிடலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா, தியோகு, நிலையத்தின் காற்றுப் பொறுப்பாளர். இருக்கட்டும் என்றார். விளையாட்டில் அவருக்குப் பிடித்த பகுதியே அதுதானாம். நிஜ அளவுகளையும் அவரே கொடுத்தார். நடப்பவருக்கு எவ்வளவு காற்று, ஓடுபவருக்கு எவ்வளவு, எந்தச் சுவரில் எவ்வளவு கசியும், குளிர்ந்த அறையில் என்ன ஆகும் எல்லாம். புதுக்கரையின் காற்று இப்போது உப்புவெளியின் காற்றைப் போலவே நடந்துகொள்கிறது. எவ்வளவு மிச்சம் என்று காட்ட ஒரு அளவு முள்ளும் வைத்தேன்.

பதிப்பு 0.3 | பிப்ரவரி 6, மாலை 5.40

பிரச்சினை: விளையாட்டு திணறுகிறது. என் கணினிப் பலகை பழையது. ஒவ்வொரு நொடியும் பதினொரு பேரையும் தனித்தனியாக விசாரிக்கிறது: எங்கே போகிறாய், பசிக்கிறதா, எவ்வளவு காற்று எடுத்தாய்.

தீர்வு: தூங்குகிறவர்களை விசாரிக்காமல் தாண்டிப் போகச் சொன்னேன். அவர்கள் எங்கும் போவதில்லை, எதுவும் கேட்பதில்லை. ஒரே ஒரு வரி. விளையாட்டு இரண்டு மடங்கு வேகமானது. நான் எழுதியதிலேயே அழகான வரி இதுதான்.

அம்மா:

"ஒன் ஊர்ல தூங்குதவன் மூச்சே விட மாட்டேங்கான் ட்டி. ராத்திரியானா காத்து முள்ளு அசையவே இல்ல. ஒங்கப்பன் செத்துக்கித்துட்டாரான்னு வீட்டுக்குள்ள போய்ப் பாத்தேன். இல்ல, விடிஞ்சதும் எந்திச்சு டீ குடிக்காரு. அந்த மனுசன் கொறட்டைக்கு இதுதான் நல்லது. அப்படியே விட்டுரு."

சிரித்தேன். அப்பாவிடம் போட்டுக் காட்டினேன். அவரும் சிரித்தார். பிறகு திருத்த வேண்டியவற்றில் சேர்த்துக்கொண்டேன், அலைக்கு அடுத்ததாக.

பதிப்பு 0.3 | பிப்ரவரி 19, பிற்பகல் 2.15

தீ விபத்து. அணைத்தாகிவிட்டது. யார் உயிருக்கும் ஆபத்தில்லை. சூசை மாமாவின் கையில் தீக்காயம்.

எரிந்தவை: நடு நடைவழி. கணக்கு இயந்திரங்கள் இருந்த அறை. பிரிப்பான்.

இதைப் படிப்பவருக்குப் பிரிப்பான் என்றால் தெரியாமல் இருக்கலாம். பனிக்கட்டியை உருக்கி, அதில் மின்சாரம் விட்டு, மூச்சுக்காற்றைப் பிரித்தெடுக்கும் இயந்திரம். நாங்கள் மூச்சு விடுவது அதனால்தான். புதிய பிரிப்பான் ஒன்று அம்மாவின் கப்பலில் வருகிறது, பழையதற்கு மாற்றாக. கப்பல் ஏப்ரல் பத்தொன்பதில் இறங்கும். அதுவரை கிடங்குத் தொட்டிகளில் சேமித்த காற்று மட்டும்.

எல்லாரும் விழித்திருந்தால் அது மார்ச் மூன்றாம் வாரத்தைத் தாண்டாது.

பதிப்பு 0.4 | பிப்ரவரி 21, காலை 11.30

இன்று கூட்டம். மருத்துவர் உமையாளிடம் உறக்க மருந்து இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டவர் விழித்திருப்பவர் எடுப்பதில் கால் பங்கு காற்றுதான் எடுப்பார். ஒன்பது பேர் உறங்கலாம். அப்பா விழித்திருக்க வேண்டும், வால்வுகளைக் கையால் திருப்புவதற்கு. நானும் விழித்திருக்க வேண்டும், பதினாறு வயதுக்குள் அந்த மருந்து கொடுக்கக்கூடாது என்பதால். உறங்குபவர்களை நான் பார்த்துக்கொள்வேன்.

மருத்துவர் தாளில் கணக்குப் போட்டார். ஏப்ரல் பத்தொன்பது வரை இழுத்துப் பிடித்தாலும் நாலைந்து நாள் குறைந்தது. அப்படியானால் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும்: சரக்கில் பாதியைக் கொட்டிவிட்டு, கூடுதலாக எரிபொருள் எரித்து, சீக்கிரம் வா என்று. அதைச் செய்ய மார்ச் எட்டாம் தேதி வரைதான் முடியும். அன்று கப்பல் பின்பக்கம் முன்னாகத் திரும்பி, வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிடும். ஆனால் சரக்கில் பாதி என்றால் அடுத்த வருடத்துக்கான உணவில் பாதி.

அப்போது அப்பா என் விளையாட்டைச் சொன்னார். தாளில் கசிவும் குளிரும் குத்துமதிப்பு, சலேத்துவின் ஊரில் எல்லாம் அறை அறையாக இருக்கிறது என்றார். எல்லாரும் என் பலகையைச் சுற்றி நின்றார்கள். மருத்துவர் உறக்கத்துக்கான அளவைச் சொன்னார். தட்டினேன். ஒன்பது பேரைத் தூங்கவைத்து ஊரை ஓடவிட்டேன்.

மே மாதம் வரை வந்தது.

சூசை மாமா என் தலையில் கை வைத்து அழுத்தினார். மருத்துவர் தன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அம்மாவுக்குச் செய்தி போனது: அவசரம் வேண்டாம், சரக்கோடு வா.

என் வாழ்நாளில் இவ்வளவு பெருமையாக ஒருநாளும் இருந்ததில்லை. இதையும் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

பதிப்பு 0.4 | பிப்ரவரி 24, மாலை 6.00

ஒன்பது பேரும் கூடத்தில் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். அப்பா கிடங்கில். கூடத்துக்கும் கிடங்குக்கும் இடையிலிருந்த நடைவழி எரிந்துவிட்டதால் காற்றில்லாமல் மூடியாகிவிட்டது. விண்ணுடுப்பு போட்டுக்கொண்டால்தான் கடக்க முடியும், வீண் செலவு. ஆகவே கப்பல் வரும்வரை அப்பாவும் நானும் உள்ளழைப்புக் கருவியில்தான் பேசிக்கொள்வோம். மருந்து ஏறுவதற்கு முன் சூசை மாமாவும் அதில்தான் அப்பாவிடம் பேசினார்:

"தியோகு, நா எந்திக்கும்போது ஒம்மவ எம் வீட்டுக்கு மாடி கட்டி வச்சிருக்கணும். இல்லன்னா எந்திக்க மாட்டேன், பாத்துக்கோ."

"நீரு எந்திக்காட்டி நிலையத்துக்கு லாபம்தாம்வே. சோறு மிச்சம்."

மாமா சிரித்தபடியே தூங்கிவிட்டார். மாடி கட்டத் தொடங்கியிருக்கிறேன்.

பதிப்பு 0.5 | மார்ச் 8, மாலை 7.10

கப்பல் திரும்பிவிட்டது. இனி வேகம் குறையும். அம்மாவுக்கும் எனக்கும் இடையில் இப்போது நான்கு நிமிடம்தான்.

அலைகளைத் திருத்தினேன். வேகமாக விழுகின்றன. நான்கு சின்னது, ஒன்று பெரியது, சில சமயம் ஏழு சின்னது. ஒலியும் சேர்த்தேன். கடலின் ஓசை நூலகத்தில் இல்லை. கூடத்தில் ஒன்பது பேர் மூச்சு விடும் சத்தம் இருக்கிறது. ஒருவர் இழுக்கும்போது இன்னொருவர் விடுகிறார். சில நேரம் எல்லாரும் சேர்ந்துகொள்கிறார்கள். அதைப் பதிவு செய்து கடலுக்கு வைத்தேன்.

அம்மா:

"சலேத்து, இது அலயேதான். எங்கட்டி புடிச்ச? கண்ண மூடிக்கிட்டுக் கேட்டேன். எங்க வீட்டுப் பின்வாசல்ல நிக்க மாதிரி இருந்துச்சு."

எங்கே பிடித்தேன் என்று சொன்னேன். அதற்கு வந்த பதிலில் பின்னால் அந்த அலை ஓடிக்கொண்டிருந்தது. அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு, சாப்பிட்டியா என்று கேட்டாள்.

பதிப்பு 0.5 | மார்ச் 20, காலை 8.00

தொட்டியின் முள்ளும் புதுக்கரையின் முள்ளும் ஒத்துப்போகவில்லை. நிஜத் தொட்டியில் குறைவாக இருக்கிறது. மிகவும் குறைவாக. அப்பாவிடம் சொன்னேன்.

"எங்கயோ ஒழுகுது. நா பாக்கேன். நீ பயப்படாத."

பதிப்பு 0.5 | மார்ச் 24, பகல் 12.45

நான்கு நாட்களாக அப்பா ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நீர் தடவிப் பார்க்கிறார். குமிழி எங்கும் வரவில்லை. கூடத்தின் பக்கம் நான் பார்த்தேன். கதவு விளிம்பு, குழாய்க் கழுத்து, சன்னல். எதிலும் இல்லை.

"ஒரு ஓட்டயும் இல்ல சலேத்து. இவ்வளவு நல்லா இந்த எடத்த நானே கட்டுனேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

காற்று எங்கே போகிறது.

பதிப்பு 0.5 | மார்ச் 27, மாலை 4.50

தெரிந்துவிட்டது.

புதுக்கரையைத் திறந்து வைத்து, கடல் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னதுபோலக் கண்ணை மூடி. அலை வந்தது, போனது. எனக்கு முன்னால் படுத்திருக்கும் ஒன்பது பேரின் மூச்சும் அதோடு வந்தது, போனது. பிறகு கண்ணைத் திறந்தேன். திரையில் ஒன்பது பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். காற்று முள் அசையவில்லை.

தூங்குகிறவர்களை விசாரிக்காமல் தாண்டிப் போ.

மருத்துவர் சொன்ன அளவைத் தட்டினேன். உள்ளே சரியான இடத்தில் அது இருக்கிறது. என் வரி அந்த இடத்துக்கே போகவில்லை. தாண்டிப் போய்விட்டது. ஒன்பது பேர் மூச்சு விடாமல் மே மாதம் வரை தூங்கினார்கள். அதைப் பார்த்துத்தான் எல்லாரும் என் தலையில் கை வைத்தார்கள்.

அம்மா சொன்னாள். பிப்ரவரியிலேயே சொன்னாள். நான் அலைக்கு அடுத்ததாகப் போட்டு வைத்தேன்.

மருத்துவரின் தாள்தான் சரி. கப்பல் திரும்பிவிட்டது.

அப்பாவிடம் சொல்ல வேண்டும். உள்ளழைப்பின் பொத்தானை மூன்று முறை தொட்டுவிட்டுக் கையை எடுத்துவிட்டேன்.

பதிப்பு 0.6 | மார்ச் 28, காலை 7.30

சொன்னேன். அவர் பக்கம் ஏதோ ஒரு வால்வைத் திருப்பும் சத்தம் கேட்டது. பிறகு:

"அந்த வரிய எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்பா."

"சரி. அப்ப இனி கணக்கு சரியா வரும்."

"யப்பா, நான்..."

"அழாத. அழுதா காத்து செலவு. ஒங்கம்மா வந்தப்புறம் ரெண்டு பேருமாச் சேந்து அழுங்க. அப்பப் புதுப் பிரிப்பான் ஓடும், யாரும் கேக்க மாட்டாங்க."

"அம்மாட்ட சொல்லிருவோம்பா."

"சொல்லவே கூடாது. இப்ப அவ வேகத்தக் கொறச்சுக்கிட்டு வாரா. தெரிஞ்சா அத விட்டுருவா. சீக்கிரம் வாரேன்னு கடைசி வரைக்கும் வேகத்தோட வந்து, நிப்பாட்ட முடியாம நம்மளத் தாண்டிப் போயிருவா. எனக்கு அவளத் தெரியும். என்ன கேட்டாலும் எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லு. யாரையும் எழுப்பவும் செய்யாத."

இனி அம்மாவிடம் பொய் சொல்ல வேண்டும். அவள் சிரித்துக்கொண்டே சொன்ன உண்மையைத்தான் நான் கேட்கவில்லை.

பதிப்பு 0.6 | ஏப்ரல் 1, மாலை 5.15

அப்பா மூன்று கணக்குக் கேட்டார். புதுக்கரையில் ஓடவிட்டேன்.

முதல் கணக்கு: இப்போது இருப்பதுபோலவே. கப்பல் வருவதற்கு நாலைந்து நாள் முன்னால் முள் கீழே தொடுகிறது.

இரண்டாவது: அப்பா கூடத்துக்கு வந்து மருந்து போட்டு உறங்கினால். வால்வை ஒரே அளவில் கட்டி வைத்துவிடலாமாம். அப்போதும் ஒரு நாளுக்குக் காற்று போதவில்லை. ஒரே ஒரு நாள். நான்கு முறை ஓட்டினேன். நான்கு முறையும் அந்த ஒரு நாள்.

மூன்றாவது கணக்கை அவர் சொன்னவிதம் இது:

"சும்மா ஒரு சோதனைக்கு. கூடத்து வால்வ ஒரே அளவுல கட்டிட்டு, கிடங்கு ரூம மூடிரு. அங்க மட்டும் காத்து, சூடு எல்லாம் நிப்பாட்டிரு. ஆளுகள்ள ஒண்ணக் கொறச்சுக்கோ. என்ன வருதுன்னு பாரு."

"யாரக் கொறைக்க?"

"யாரா இருந்தா என்ன, பொம்மதான. அந்த வாயில்லாத மீசக்காரனக் கொற."

ஓட்டினேன். ஏப்ரல் பத்தொன்பதைத் தொட்டு, அரை நாள் தாண்டி நின்றது.

"யப்பா, எட்டுது. பத்தொம்பது தாண்டி நிக்கி."

"நல்லாப் பாத்தியா?"

"மூணு தடவ ஓட்டிட்டேன்."

"அப்ப சரி. நீ கெட்டிக்காரி."

அவர் குரல் நன்றாக இருந்தது. அதனால் நானும் நன்றாக இருந்தேன். கிடங்கை மூடினால் அவ்வளவு மிச்சமாகிறதென்றால் வேறு ஏதோ வழி யோசித்திருக்கிறார் என்று நினைத்தேன்.

பதிப்பு 0.6 | ஏப்ரல் 2, பகல் 1.20

அப்பா விண்ணுடுப்பில் வெளியே போயிருக்கிறார். உப்புவெளியின் நடுவில் இறங்குதள விளக்கு தீ விபத்திலிருந்து எரியவில்லை. அது எரியாவிட்டால் அம்மாவுக்குத் தளம் தெரியாது. கம்பி மாற்றப் போவதாகக் காலையில் சொன்னார். சன்னலில் இருந்து பார்த்தால் வெள்ளைத் தரையில் சிறு புள்ளியாகத் தெரிகிறார்.

1.50. விளக்கு எரிகிறது.

2.05. என் பலகையில் கிடங்கு அறைக்குக் காற்று விடும் வால்வு மூடியிருப்பதாகக் காட்டுகிறது. கிடங்கின் சூடும் நின்றிருக்கிறது.

வானொலியில் பேசியதை அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை.

"யப்பா, கிடங்கு வால்வு மூடியிருக்குன்னு காட்டுது."

"நாந்தான் மூடுனேன்."

"திரும்பி வந்து தொறந்துக்குவீங்கல்லா?"

"வெளக்கு எரியுதா பாரு."

"எரியுது."

"அங்கயிருந்து பாக்க நல்லாத் தெரியுதா? ஒங்கம்மா தெரியலன்னு சொன்னா வாழ்க்க பூரா சொல்லிக்காட்டுவா."

"யப்பா. வாங்கப்பா. உள்ள வாங்க."

"அரைப் பாட்டில் காத்துதான் எடுத்துட்டு வந்தேன். அதுல முக்காவாசி போயாச்சு. மிச்ச பாட்டிலெல்லாம் மாட்டுன எடத்துலயே இருக்கு."

"அந்தக் கணக்கு சோதனைக்குன்னு சொன்னீங்க."

"சோதிச்சுத்தான பாத்தோம். எட்டுதுல்லா."

"நா போட்ட கணக்குப்பா. நா தப்பாப் போடுவேன். முன்னயும் தப்பாப் போட்டேன்ல. இதுவும் தப்பாயிருக்கும். வாங்க."

"இது தப்பில்ல. நேத்து நீ போட்டப்புறம் நானும் ஒக்காந்து தாள்ல போட்டேன். ஒனக்கு வந்ததுதான் எனக்கும் வந்துச்சு. இனி யாரும் ஒன் கணக்கத் தப்புன்னு சொல்லக்கூடாது. நீயும் சொல்லாத. கேக்கியா?"

"கேக்கேன்."

"அந்த அலச் சத்தத்தக் கொஞ்சம் போடு."

போட்டேன்.

"சூசை கொறட்ட தனியாத் தெரியுது. கடலுக்குள்ளயும் நம்மள நிம்மதியா இருக்க விட மாட்டான் போல."

நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். அவர் அதற்காகத்தான் சொன்னார்.

"ரேடியோவ நிப்பாட்டுதேன் சலேத்து. நீ கேக்காண்டாம். அலைய மட்டும் போட்டு வையி."

நிறுத்திவிட்டார் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரியாது. அலையை நிறுத்தவில்லை.

ஏப்ரல் 3

விளக்கு எரிகிறது. அவர் அதன் அடியில் உட்கார்ந்திருக்கிறார். முதுகு கம்பத்தில் சாய்ந்திருக்கிறது. முகம் இந்தப் பக்கம் இல்லை, கப்பல் வரும் பக்கம்.

ஒன்பது பேரும் மூச்சு விடுகிறார்கள். எண்ணிப் பார்த்தேன்.

பதிப்பு 0.7 | ஏப்ரல் 7, காலை 9.00

வேலை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் சன்னலுக்குப் போகிறேன். சூசை மாமா வீட்டு மாடி முடிந்தது. மாடிக்குப் படி வைத்தேன்.

அம்மாவுக்கும் எனக்கும் இடையில் இப்போது அரை நிமிடம்கூட இல்லை.

"ஒங்கப்பன் எங்கட்டி? அஞ்சு நாளாச் சத்தத்தையே காணும். கோவமா?"

"இல்லம்மா. தூங்குதாங்க."

"நா கூப்பிடுத நேரத்துல எல்லாமா தூங்குதாரு? சரி, தூங்கட்டும். ஒன்றர மாசமா ஒத்தையில கெடந்து வால்வு திருப்புதாரு. ஒன் ஊர்ல மாதிரி மூச்சு விடாமத் தூங்கிராண்டாம்னு சொல்லு."

சரி என்றேன்.

அதற்குமேல் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். மின்சாரச் சிக்கனம் என்று சொல்லி நிறுத்திவிட்டேன்.

பதிப்பு 0.8 | ஏப்ரல் 13, மாலை 6.30

முள் நான் சொன்ன இடத்தில்தான் இருக்கிறது. புதுக்கரையின் முள்ளும் அதே இடத்தில். இரண்டும் ஒரு கோடு பிசகாமல் சேர்ந்து இறங்குகின்றன. இவ்வளவு சரியாக என் விளையாட்டு ஒருநாளும் வேலை செய்ததில்லை.

புதுக்கரையில் பத்துப் பேர் இருக்கிறார்கள். பதினோராவது வீடு பூட்டியிருக்கிறது. அங்கே ஆள் இல்லாவிட்டால் விளக்கு எரியாது என்று ஜனவரியில் நானே விதி எழுதியிருந்தேன். மாற்றிவிட்டேன். எரிகிறது.

அம்மா இன்று கேட்டது:

"அப்பாவுக்கு என்ன வேணும்னு கேளு. செவ்வாய்ல ஒரு பெட்டி கருப்பட்டி வாங்கியிருக்கேன். சொல்லாத, எறங்குனதும் நானே குடுக்கேன்."

பதிப்பு 0.9 | ஏப்ரல் 19, காலை 10.10

காற்று குறைவு. தலை வலிக்கிறது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

கப்பல் சன்னலில் தெரிகிறது. இடையில் நேரமே இல்லை, பக்கத்து அறையில் இருந்து பேசுவதுபோல. அவள் பேசப்பேச எழுதுகிறேன்.

"வெளக்கு தெரியுது சலேத்து. அம்சமா எரியுது. ஒங்கப்பன்ட்ட சொல்லு, கொறையே சொல்ல முடியல."

"ம்."

"எல்லாரும் சொகந்தான?"

"ஒம்பது பேரும் மூச்சு விடுதாங்கம்மா."

"அப்பாவ எழுப்பு. வந்துட்டேன்னு சொல்லு."

எழுதிக்கொண்டே இருக்கிறேன். கப்பலின் கால்கள் தரையைத் தொடும்வரை அவளிடம் சொல்லக்கூடாது. தொடுவதற்கு முன் சொன்னால் கப்பலைச் சரியாக இறக்கமாட்டாள்.

"இரு இரு. எழுப்ப வேண்டாம். வெளக்கடியில யாரோ ஒக்காந்திருக்காங்க. அப்பாதான அது? ஏட்டி, என்னய வரவேற்க வெளியவே வந்து ஒக்காந்துட்டாரா? நீ தூங்குதாருன்னு சொல்லுத. அப்பனும் மவளும் சேந்து நாடகமா ஆடுதீய."

10.24.

"கைய ஆட்டுதேன், அவரு ஆட்ட மாட்டேங்காரு. கெத்தப் பாரு. மீசக்காரன்."

10.31. கால்கள் தரையைத் தொட்டன. உப்பு எழுந்து மெதுவாக விழுகிறது. இயந்திரம் நின்றது.

"யம்மா," என்றேன். "தியோகு," என்று அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை.

10.40. ஒரு புள்ளி இறங்கி இன்னொரு புள்ளியை நோக்கிப் போகிறது.

10.46. இரண்டு புள்ளிகளும் ஒரே இடத்தில்.

வானொலி திறந்துதான் இருக்கிறது. அதில் மூச்சு மட்டும் கேட்கிறது. ஒருவருடையது.

பதிப்பு 1.0 | ஏப்ரல் 19, காலை 11.35

விளையாட்டு முடிந்தது. இதற்குமேல் திருத்த எதுவும் இல்லை. கண்டெடுப்பவருக்கு ஒரு விளக்கம் மட்டும் எழுத வேண்டும்.

புதுக்கரையில் தூங்குகிறவர்கள் மூச்சு விடுவார்கள். காற்றுக் கணக்கு சரியாக இருக்கும். பதினோராவது வீட்டுக்கு மட்டும் பழைய வரியைத் திரும்ப வைத்திருக்கிறேன். அங்கே ஒருவர் தூங்குகிறார். அவரை விசாரிக்காமல் தாண்டிப் போகும். மூச்சு விடமாட்டார், காற்று எடுக்கமாட்டார். அது பிழை அல்ல. தயவுசெய்து யாரும் திருத்த வேண்டாம். விடிந்ததும் எழுந்து டீ குடிப்பார்.

அவருக்கு இப்போது வாய் வைத்திருக்கிறேன். மீசையில் ஒரு புள்ளியை எடுத்து.

வெளிக்கதவு திறந்த சத்தம் கேட்டது. அது மூடும்வரை அம்மா நின்றுகொண்டிருப்பாள். பிறகுதான் உள்கதவு. அவள் வரும்போது என்ன சொல்ல வேண்டும் என்று இத்தனை நாளும் எழுதி எழுதிப் பார்த்தேன். முதலில் அந்த வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும், நீ சொன்னாய் அம்மா, நான்தான் அலைக்கு அடுத்ததாக

வெளிக்கதவு மூடிவிட்டது